பட்ட மரத்துக்கு இடப்பக்கம்

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே அறை கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் கிடங்கில் வேலை பார்ப்பவன். பதினோரு வருடம் எதிரெதிர் கதவுகளில் உட்கார்ந்திருந்ததால் எக்ஸ்ரே அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இங்கே வேறு யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் விட்டதை அவருடைய நாத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத இடங்களில் அக்கா சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாத்தனாருக்கு ஒன்றை ஒன்றரையாக்கிச் சொல்கிற பழக்கம் உண்டு.

இது நடந்தபோது அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக அந்த அறையில், ஈயம் வைத்துத் தைத்த கனத்த மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நூறு பேரிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கவும் பிறகு விடவும் சொல்லிக்கொண்டிருந்தவர். படம் வந்ததும் முதலில் பார்க்கிற கண் அவருடையதுதான். ஆனால் என்ன தெரிகிறது என்று நோயாளி கேட்டால், டாக்டர் சொல்வார் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அதுதான் சட்டம். சட்டத்தை மீறி அவர் பேசி நான் கேட்டதில்லை. புதிதாக வருகிற டாக்டர்கள் மட்டும் ரகசியமாக இறங்கி வந்து, "அக்கா, இதுல ஏதாவது இருக்கா?" என்று படத்தை நீட்டுவார்கள். அக்கா விரலால் தொடாமல் பேனா மூடியால் ஓர் இடத்தைக் காட்டுவார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல் அங்கே இருக்கும்.

மருத்துவமனையை விட்டுப் போன ஒரு டாக்டர் தன் பழைய கேமராவை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து விடுமுறை நாட்களில் அக்கா மலை, மரம், தண்ணீர் என்று எடுக்க ஆரம்பித்தார். ஆட்களை எடுக்க மாட்டார். கேட்டால், மனுஷங்களை உள்பக்கம் வரைக்கும் பார்த்தாச்சு, போதும் என்பார்.

நாத்தனார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவருடையது. நிலையத்தில் கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அவர் "மைக்". அக்காவை விட மூன்று வயது இளையவர். கல்யாணம் செய்து, ஆறே மாதத்தில் அது சரிவராமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவர், பிறகு எங்கேயும் போகவில்லை. அண்ணன், அதாவது அக்காவின் கணவர், தண்ணீர் வாரியத்தில் பம்ப் இயக்குபவர். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு. குழந்தை குட்டி இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மிஞ்சினார்கள்.

உறவினர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிப்போன அன்று மைக் ஒரு வார்த்தை சொன்னார். "ஊரான் நெஞ்சையெல்லாம் பாத்தீங்க அண்ணி. எங்கண்ணன் நெஞ்சைப் பாக்கலையே."

அக்கா எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாக டிவி பார்த்தார்கள், குளியலறைக் குழாய் ஒழுகினால் யார் ஆள் கூப்பிடுவது என்று சண்டை போட்டார்கள். அந்த வார்த்தை மட்டும் தொண்டையில் முள் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தேசியப் பூங்கா இருக்கிறது. வாசலிலிருந்து காட்சி முனை வரை ஒரு நடைபாதை. போக வர ஐந்து கிலோமீட்டர்தான். பாறைகளில் மஞ்சள் வண்ணத்தில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளைகள்கூடப் போய் வருகிற பாதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அங்கே படம் எடுக்கக் கிளம்ப, வீட்டில் தனியாக இருந்து என்ன செய்வது என்று மைக்கும் கூட வந்தார். வாசலில் இருந்த வனக்காவலர் பதிவேட்டில் நேரம் எழுதச் சொன்னார். பன்னிரண்டு பத்து. மூன்று மணிக்குள் இறங்கிவிட வேண்டும், மதியத்துக்கு மேல் மூடுபனி எப்போது இறங்கும் என்று அவருக்கே தெரியாது என்று எச்சரித்து அனுப்பினார்.

அக்கா பத்தடிக்கு ஒரு தரம் நின்றார். மரப்பாலத்தை எடுத்தார். நடுவில் பிளந்த பாறையை எடுத்தார். வேர் வெளியே தெரிய வளைந்து நின்ற மரத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் நான்கு முறை எடுத்தார். ஒவ்வொரு தடவையும் மைக் இடுப்பில் கை வைத்து நின்றார். நீங்க எடுத்து முடிக்கறதுக்குள்ள இந்த மலைக்கே நரை விழுந்துடும் என்று அலுத்துக்கொண்டார். அதுவரை எல்லாம் வழக்கமான பேச்சுதான்.

ஒன்றேகால் மணி நேரத்தில் மரங்கள் முடிந்து புல்சரிவு தொடங்கியது. அங்கே ஒரு தட்டைப் பாறை. பாறையின் வலப்பக்கம் செங்குத்தான பள்ளத்தாக்கு. எதிரே, பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு பாதை அரிவாள் மாதிரி வளைந்து போவது முழுதாகத் தெரிந்தது. பாதியில் இலையில்லாத பட்ட மரம் ஒன்று. அதைத் தாண்டி ஏற்றம், அதன் உச்சியில் காட்சி முனை. அக்கா முக்காலியை விரித்துக் கேமராவைப் பொருத்தினார். பையிலிருந்த சிறிய ஜிப்பைத் திறந்து லென்ஸ் துடைக்கிற துணியை எடுக்கும்படி மைக்கிடம் சொன்னார்.

சொன்ன பிறகுதான் அந்த ஜிப்பில் என்ன இருக்கிறது என்று நினைவு வந்தது.

அதில் வழக்கமாக மாற்று பேட்டரி இருக்கும். அன்று அந்த இடத்தில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அக்காவின் மாற்றல் ஆணை. வேறொரு நகரத்தில் புதிதாகத் திறந்த மருத்துவமனைக்கு. ஆறு மாதத்துக்கு முன்னால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்திருந்தார். ஆணை வியாழக்கிழமை வந்தது. கணவர் விழுந்த அதே இடத்தில் நின்று தினமும் டீ போட இனிமேல் முடியாது என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த முள்ளும் ஒரு காரணம் என்பதை அவர் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டது அது.

மைக் காகிதத்தைப் பிரித்து முழுவதும் படித்தார். மடிப்பு மாறாமல் மறுபடி மடித்து உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"எத்தனை நாள்ல சேரணும்?"

"முப்பது நாள். இன்னிக்கு மேல போய் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"வெளிச்சம் நல்லா இருக்கு. நீங்க எடுங்க."

அவ்வளவுதான். மைக் திரும்பி, வளைவுப் பாதையில் தனியாக நடக்க ஆரம்பித்தார். அவர் கத்தியிருந்தால் அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஊரையே கூப்பிட்டு அனுப்புகிற குரல் இப்படி அடங்கிப்போய் அவர் பார்த்ததில்லை. பின்னால் ஓடலாமா என்று யோசித்தார். சூடு கொஞ்சம் ஆறட்டும், மேலே காட்சி முனையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் படம் எடுத்தார். எதிர்ச்சரிவை அகலமாக ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, இன்னும் ஒன்று. எதை எடுத்தோம் என்றே கவனிக்கவில்லை என்றார்.

திடீரென்று படம் மங்கலாகத் தெரிந்தது. லென்ஸைத் துடைத்தார். மங்கல் போகவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிர்ச்சரிவே இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக எழும்பி வந்துகொண்டிருந்தது மூடுபனி. பட்ட மரம் போனது, பாதை போனது, ஐந்து நிமிடத்தில் முக்காலியின் மூன்றாவது கால்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்கா கூப்பிட்டார். பதில் இல்லை. போனை எடுத்தார். சிக்னல் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை ஒரு குரல் வந்தது. "அண்ணீ..." என்று நீளமாக, வலியில் இழுக்கிற குரல். வலப்பக்கத்திலிருந்து.

அக்கா முக்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரல் வந்த பக்கம் பாதையை விட்டு இறங்கினார். பத்தடி போயிருப்பார். காலடியில் ஒரு கல் புரண்டது. உருண்டது. அது எங்கேயாவது மோதி நிற்கும் என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தார். நிற்கிற சத்தம் வரவே இல்லை.

அப்போதுதான் தான் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பது அவருக்குப் புரிந்தது. குரல் அங்கிருந்து வரவில்லை. எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்திருக்கிறது. முட்டி போட்டு, கையால் புல்லைத் தடவித் தடவி, வந்த வழியே ஊர்ந்து தட்டைப் பாறைக்குத் திரும்பினார். இன்னும் இரண்டடி வைத்திருந்தால், தேடி வருகிறவர்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தேட வேண்டியிருந்திருக்கும்.

பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். எடுத்த படங்களைப் பார்த்தார்.

கேமராவின் பின்பக்கத் திரை உள்ளங்கை அளவுகூட இல்லை. முதல் படத்தைப் பெரிதாக்கி, மூலையிலிருந்து மூலைக்கு நகர்த்திப் பார்த்தார். ஒன்று நாற்பத்திரண்டு என்று நேரம் காட்டிய படத்தில், பாதையின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு புள்ளி. மைக்கின் மழைக்கோட்டு. நாற்பத்தைந்தில் எடுத்ததில் அந்தப் புள்ளி பட்ட மரத்தின் அருகே. நாற்பத்தேழில் பாதை காலியாக இருந்தது. மரத்துக்கு வலப்பக்கம் மேலே ஏறுகிற பாதையில் யாரும் இல்லை. மூன்று தடவை தேடினார். பிறகு மரத்துக்கு இடப்பக்கம், பாதையே இல்லாத புல்லில் பார்வையை ஓட்டினார். மிருகங்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றைத் தடம் ஒன்று மயிரிழையாகத் தெரிந்தது. அதன் முடிவில், புதருக்குப் பாதி மறைந்து, செங்கல் நிறம்.

மஞ்சள் குறியைக் கவனிக்காமல் ஓடைப் பக்கம் இறங்கியிருக்கிறார். அழுதுகொண்டே நடந்தேன், குறியாவது ஒண்ணாவது என்று மைக் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

வளைவுப் பாதையில் ஒவ்வொரு மஞ்சள் அம்பையும் குனிந்து தொட்டுத் தொட்டு அக்கா பட்ட மரத்தை அடைந்தார். இடப்பக்கம் திரும்பினார். இங்கே குரல் நேராக வந்தது. புதரைத் தாண்டியதும் புல் பெயர்ந்து, ஈரமண் நீளமாகச் சறுக்கிய தடம். கீழே மூன்று ஆள் ஆழத்தில் ஓடை. அதன் கரையில், பாறைக்கும் பாறைக்கும் நடுவே மைக் மல்லாந்து கிடந்தார்.

உட்கார்ந்தபடியே சறுக்கி அக்கா இறங்கினார். மைக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வலது காலைப் பார்த்ததும், படம் இல்லாமலே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கணுக்கால் இரண்டு இடத்தில் போயிருக்கிறது, பாதம் போக வேண்டிய திசையில் இல்லை. தோல் கிழியவில்லை, அந்த அளவுக்கு நல்ல காலம். விரலை ஆட்டச் சொன்னார். ஆடியது. நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் திரும்ப வந்தது.

"ரொம்ப மோசமா?" என்று கேட்டார் மைக்.

"டாக்டர் சொல்வாங்க."

"இங்க எந்த டாக்டர் இருக்கான்? நீங்க சொல்லுங்க."

"உடைஞ்சிருக்கு. சரி பண்ணிடலாம். அசையாம இரு."

இருபத்தாறு வருடத்தில் அக்கா சட்டத்தை மீறியது அன்றுதான். முக்காலியின் கால்களைக் கழற்றி, தன் மேல்சட்டையைச் சுற்றி, காலின் இருபுறமும் வைத்து, கேமரா வாரையும் மைக்கின் கழுத்துத் துண்டையும் கொண்டு கட்டினார். கட்டி முடிக்கிற வரை மைக் கத்தவில்லை. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது.

கட்டி முடித்த பிறகுதான் அக்கா ஓடையைக் கவனித்தார். இறங்கி வந்தபோது மைக்கின் தொப்பி தண்ணீர் ஓரத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் கிடந்தது. இப்போது தொப்பியும் இல்லை, கல்லும் இல்லை. தண்ணீர் கலங்கலாக ஓடியது. இங்கே ஒரு துளி மழை இல்லை. மேலே எங்கேயோ பெய்துகொண்டிருக்கிறது.

மைக் கிடந்த இடம் ஓடையின் வயிறு. சறுக்கிய தடத்தில் பாதி ஏறினால் ஒரு திண்டு மாதிரி மேடு இருந்தது. அதுவரை போய்விட்டால் தண்ணீர் எட்டாது. தூக்கிக்கொண்டு போகிற பலம் அக்காவுக்கு இல்லை. மைக் பின்பக்கமாகக் கையை ஊன்றி, நல்ல காலால் உந்தி, உட்கார்ந்தபடியே ஏற வேண்டும். அக்கா உடைந்த காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைத்ததும் மைக் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு நகர்றேன்."

"மேல போய்க் கேளு. தண்ணி வருது."

"மேல போனா நீங்க பதில் சொல்ல மாட்டீங்க. எனக்கு உங்களைத் தெரியும். அண்ணன் நெஞ்சைப் பாத்தீங்களா, பாக்கலையா?"

தண்ணீர் மைக்கின் இடது காலணியைத் தொட்டு விலகியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்" என்றார். "சாகறதுக்கு எட்டு மாசம் முன்னாடி. இருமல்னு வந்தார், எடுத்தேன். இதயம் கொஞ்சம் பெருத்திருந்துச்சு. அன்னிக்கே டாக்டர்கிட்டக் காட்டினேன். இதய டாக்டரைப் பாக்கச் சீட்டு வாங்கிக் கையில குடுத்தேன். போறேன் போறேன்னார். உனக்கு மட்டும் சொல்லக்கூடாதுன்னார். நீ தாங்க மாட்டேன்னு."

அக்கா குனிந்து உடைந்த காலை இரண்டு கையாலும் பிடித்தபடி தொடர்ந்தார்.

"அவர் மேல பழி போடல. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். போகல. ஒவ்வொரு நாளும் வேலை இருந்துச்சு. இப்ப நகரு."

மைக் நகர்ந்தார். ஒவ்வொரு உந்தலுக்கும் ஓர் அடி. மூன்றாவது உந்தலில் அக்காவின் கால் சேற்றில் வழுக்கி, கையிலிருந்த கால் ஒரு விரற்கடை இறங்கியது. மைக் போட்ட சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அக்கா காலை விடவில்லை. திண்டுக்குப் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது, மைக் கிடந்த இரண்டு பாறைகளுக்கும் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மணி இரண்டு ஐம்பது. மூன்று மணிக்குப் பிறகு காவலர் பதிவேட்டைப் பார்ப்பார். ஆனால் அவர் மஞ்சள் குறி போகிற வழியில் காட்சி முனைக்குத்தான் போவார், இந்தப் பக்கம் வர மாட்டார். மைக்கின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. இருட்டுகிற வரை இந்தக் குளிரில் வைத்திருக்க முடியாது என்று அக்காவுக்குத் தெரியும். யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும்.

தன் மழைக்கோட்டையும் கழற்றி மைக்கின் மேல் போட்டார். பையிலிருந்த ரொட்டியைக் கையில் கொடுக்கப் போனவர், ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு வந்து திரும்ப வைத்துக்கொண்டார். அதைப் பற்றி மைக் இன்றுவரை குறை சொல்கிறார்.

"பேசிக்கிட்டே இரு. கத்தாதே, தொண்டை கட்டிக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம், நிறுத்தி நிதானமா. உனக்குத் தெரியாததா?"

"போங்க. எப்படியும் போறவங்கதானே."

அந்த வார்த்தை சுட்டது என்றார் அக்கா. சுட்டதற்கு நின்று பதில் சொல்ல நேரம் இல்லை. ஏறினார்.

பட்ட மரத்திலிருந்து தட்டைப் பாறை வரை மஞ்சள் குறி கைகொடுத்தது. அதற்குக் கீழே மரங்களுக்குள் நுழைந்ததும் பனி இன்னும் அடர்த்தி. குறி போட்ட பாறைகளும் அங்கே தள்ளித் தள்ளித்தான் இருந்தன. இரண்டு தடவை தடம் மாறிப் புதருக்குள் போய் நின்றார். மறுபடி கேமராவைத் திறந்தார். பத்தடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்த படங்கள் வரிசையாக இருந்தன. அதைப் பின்னாலிருந்து முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இறங்கலாம் என்று தோன்றியது. வேர் தெரிகிற மரம், அதன் இடப்பக்கம் பாதை. அந்த மரத்தைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார். அடுத்த படம். அப்போது திரையின் மூலையில் பேட்டரிக் குறி சிவப்பாக மின்னியது.

மாற்று பேட்டரி வீட்டில், மேஜை மேல் இருந்தது.

மிச்சமிருந்த படங்களை மளமளவென்று ஓட்டினார். பிளந்த பாறை, பிளவு கிழக்கே பார்க்கிறது, பாதை பிளவுக்குப் பின்னால். இரண்டு மரங்கள் ஒட்டி நிற்கின்றன, நடுவில் போக வேண்டும். பெரணிச் செடிகள் அடர்ந்த வளைவு. மரப்பாலம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தார். பாலத்தைப் பார்த்த கையோடு திரை இருண்டது.

அதன் பிறகு நினைவை வைத்து நடந்தார். பிளந்த பாறை வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. நின்றார். திரும்பலாமா என்று தவித்தார். இன்னும் இருபது அடி என்று எண்ணி நடந்தார். பதினேழாவது அடியில் கை பாறையில் பட்டது. பிளவைத் தடவிப் பார்த்தார், சரியான பாறைதான். அங்கேயே கொஞ்சம் அழுதேன் என்று என்னிடம் சொன்னார். அழுதுவிட்டு நடந்தார்.

மரப்பாலத்தின் இந்த முனைக்கு அவர் வந்தபோது, மறுமுனையில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. வனக்காவலரும் இன்னொருவரும். பனி இறங்கியதைப் பார்த்துவிட்டு, மேலே மாட்டிக்கொண்டவர்களை அழைத்து வரக் கிளம்பியிருக்கிறார்கள். அக்கா பேச வாயைத் திறந்தார். பதற்றத்தில் வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. பட்ட மரம், இடப்பக்கம், ஓடை, கணுக்கால். காவலர் நிதானமான ஆள். கூட வந்தவரை ஸ்ட்ரெச்சருக்கும் ஆட்களுக்கும் திருப்பி அனுப்பிவிட்டு, அக்காவோடு மேலே ஏறினார்.

பட்ட மரத்தை நெருங்கும்போது மணி நாலே கால் இருக்கும். தண்ணீரின் இரைச்சல் தூரத்திலிருந்தே கேட்டது. அக்கா கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

பிறகு பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. கரகரத்திருந்தது. ஆனால் நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. "பயணிகள் கவனத்துக்கு. மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்."

காவலர் நின்றுவிட்டார். "இது நம்ம பஸ் ஸ்டாண்டு குரலாச்சே" என்றார்.

"என் நாத்தனார்" என்றார் அக்கா.

மூன்று பேர் வந்து கயிறு கட்டித் தூக்க ஐம்பது நிமிடம் ஆனது. ஓடை, திண்டுக்கு ஒரு முழம் கீழே வரை ஏறி அங்கேயே நின்றிருந்தது.

ஆம்புலன்ஸ் எங்கள் மருத்துவமனைக்குத்தான் வந்தது. அன்று கீழ்த்தளத்தில் பணியில் இருந்தவர் அக்காவிடம் வேலை பழகியவர். நீங்களே எடுத்துடுங்களேன் அக்கா என்றார். வேண்டாம், நீயே எடு என்றார் அக்கா. கதவுக்கு வெளியே, நோயாளியின் உறவினர்கள் உட்கார்கிற பெஞ்சில், சேறு காய்ந்த கால்சட்டையோடு உட்கார்ந்தார். அந்தப் பெஞ்ச் இவ்வளவு குட்டையானது என்று அன்றுதான் தெரிந்தது என்று சொன்னார். படம் வந்தபோது, ஓடைக்கரையில் அவர் கணித்த இரண்டு இடத்திலும் எலும்பு உடைந்திருந்தது. மறுநாள் ஆபரேஷன். ஒரு தகடு, ஏழு திருகு.

மூன்றாம் நாள் மைக் அக்காவிடம் பேச்சை எடுத்தார். அப்போது நான் மாத்திரை கொடுக்க வார்டுக்குப் போயிருந்தேன். திரும்பிப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

"நாலு வருஷம் அண்ணி. அப்படி ஒரு வார்த்தை சொன்னேன்னு நான் தினம் செத்தேன். சொல்லியிருக்கலாமே."

"அவர் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டார்."

"செத்தவனுக்குக் குடுத்த வாக்கு பெரிசு. உயிரோட கூட இருந்தவ பெரிசில்ல."

அக்கா குனிந்து போர்வையைச் சரி செய்தார். மைக் கேட்டது சரிதான் என்று பிறகு என்னிடம் சொன்னார். மைக் அன்று முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். கட்டிப்பிடித்து அழுது ராசியானார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலை, தலையணை சரியில்லை என்று மைக் சண்டை பிடித்தார். அக்கா வேறு தலையணை வாங்கி வந்தார். அதுவும் சரியில்லை என்றார்.

மாற்றலை அக்கா ரத்து செய்துவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மைக்கே அப்படித்தான் நினைத்தாராம். அக்கா இரண்டு மாதம் தள்ளிப்போட மட்டும் எழுதிக் கேட்டார், கிடைத்தது. அந்த இரண்டு மாதமும் மைக்கைக் குளிப்பாட்டி, கட்டுப் போட்ட காலுக்கு பாலித்தீன் பை சுற்றி, ஊன்றுகோலில் நடக்கப் பழக்கினார். ஒரு நாள், போகாம இருந்துடட்டுமா என்று அவரே கேட்டிருக்கிறார். மைக் "எனக்காக இருந்தீங்கன்னா அதையும் நான் சுமக்கணும். போங்க. போய் நல்லா தூங்குங்க" என்றாராம். இதை அக்கா சொல்லவில்லை, மைக்தான் சொன்னார். கூட்டிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

புறப்பட்ட அன்று பெட்டிகளை மூன்று மாடி இறக்கியவன் நான். அக்கா கடைசியாக ஒரு முறை உள்ளே போய், காஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மைக் மாடிப்படியின் உச்சியில் ஊன்றுகோலோடு நின்றார்.

"போனதும் போன் பண்ணாதீங்க. நான் டியூட்டில இருப்பேன். எட்டு மணிக்கு மேல பண்ணுங்க."

அக்கா சரி என்று இறங்கினார். அன்று எட்டு இருபதுக்குப் போன் வந்ததாம். இருபது நிமிடம் தாமதம் என்று மைக் கோபித்துக்கொண்டாராம். போன வாரம் மைக் மருந்து வாங்க வந்திருந்தார். வலது காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார், ஆனால் ஊன்றுகோல் இல்லை. தினமும் போனில் அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"சண்டை போடறோம்" என்றார், மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு. "முன்னாடி போடாத சண்டையெல்லாம் பாக்கி இருக்குல்ல."